வழியில் நின்றுபோன பழைய கார்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கார் ஒன்று திடீரென நின்றுவிடுகிறது. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அநேகமானோர் காரை மரநிழலில் ஒதுக்கிவிட்டு அரை மணித்தியாலம் காத்திருப்பார்கள். அதற்குள் கார் பிடித்துவிடும், வீட்டுக்கும் போய்ச் சேரலாம். மறுநாள் கராஜுக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கிடம் காட்ட ஒரு பிழையும் இருக்காது. அவர் ஊகத்தில் பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்கை மாற்றுவார், அதற்கு ஸ்பார்க் கரண்ட் உண்டாக்கும் கொயிலை மாற்றுவார். அடுத்த கிழமை கார் திரும்பவும் அதே மாதிரி நிற்கும்.

இந்தப் பிழைகளில் பல சூட்டில் வந்து, எஞ்சின் ஆறியதும் மறைந்துவிடுபவை. கார் நின்ற கையோடு வரும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் பிழையை நேரில் பிடிக்கக் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தில் எதை, எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று பழைய கார் புதிதாக வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் தொடக்கம் எண்பதுகளின் நிசான் சனி, ரொயோட்டா கொறோலா வரை காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) உள்ள எல்லாக் கார்களுக்கும் இது பொருந்தும். காபரேற்றருக்குப் பதிலாகப் பெற்றோலை அழுத்தத்தில் பீச்சும் இன்ஜெக்சன் கார்களைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் காரை ஒதுக்குங்கள்

எஞ்சின் அடங்கியதும், வேகம் இருக்கும்போதே கியரை நியூட்ரலில் விட்டு இடதுபக்கம் உருட்டிக்கொண்டு போங்கள். ஐம்பதுகளின் கார்களில் நான்கு பக்கமும் மின்னும் லைற் கிடையாது. வேலியில் ஒரு பூவரசங்கிளையை முறித்துக் காருக்குப் பின்னால் தள்ளி வீதியில் போடுங்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் எல்லாச் சாரதிமாருக்கும் விளங்கும் அடையாளம் அது. ஹாண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சில்லுக்குக் கல் அணை கொடுங்கள்.

ரயில் கடவையில் நின்றுவிட்டால் விஷயம் வேறு. காவலாளி இல்லாத கடவைகள் குடாநாட்டில் உண்டு. முதலில் காரில் உள்ள எல்லோரையும் இறக்கித் தண்டவாளத்தை விட்டு விலத்துங்கள். ரயில் வரும் அறிகுறி ஒன்றும் இல்லையென்றால் மாத்திரம் காரைப் பற்றி யோசியுங்கள்: முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை மிதிக்காமல் ஸ்ரார்ட்டரை இயக்கினால் பற்றரியின் பலத்தில் கார் குலுங்கிக் குலுங்கிச் சில அடி நகரும். கடவையைத் தாண்ட அது போதும். கிளச்சை மிதித்தால்தான் ஸ்ரார்ட்டர் வேலை செய்யும் கார்களிலும் ஓட்டோ கியர் கார்களிலும் இது சரிவராது. அவற்றை நியூட்ரலில் விட்டுத் தள்ளத்தான் வேண்டும்.

எப்படி நின்றது?

பொனற்றைத் திறக்கும் முன் கடைசி ஒரு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

ஒரு சுவிச்சை அணைத்தது போல, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் அறுந்து நின்றதா? மின்சாரப் பக்கம் தேடுங்கள். இழுவை குறைந்து, விக்கி விக்கி, அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கச் சோர்ந்து நின்றதா? பெற்றோல் பக்கம். வெப்பமானி சிவப்புக்குப் போய், நீராவி மணம் வந்து நின்றதா? அப்படியானால் தேடல் வேண்டாம். ரேடியேற்றர் மூடியில் கை வைக்காமல் ஆறவிடுங்கள். ஆறிய பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உட்பக்கம் பால் கலந்த தேநீர் நிறத்தில் பசை படிந்திருந்து, தண்ணீரும் குறைந்திருந்தால், எஞ்சினுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையில் அடைத்திருக்கும் ஹெட் காஸ்கெற் போயிருக்கக்கூடும். அந்தக் காரை ஓட்டாமல் கட்டி இழுப்பதுதான் மலிவு. 'டக்' என்ற பெரிய சத்தத்தோடு நின்றதென்றாலும் அப்படித்தான்: ஸ்ரார்ட்டரை மீண்டும் மீண்டும் அடிக்காதீர்கள்.

ஓடும்போதே, பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவின் சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்ததா என்பதும் முக்கியம். டைனமோவைச் சுற்றும் விசிறி பெல்ற் அறுந்தோ வழுக்கியோ இருந்தால் பற்றரியில் இருப்பது தீரும்வரை கார் ஓடும், பிறகு நிற்கும். இரவில் லைற் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் கெதியாக.

ஸ்ரார்ட்டர் சுற்றுகிறதா?

திறப்பைத் திருப்பும்போது ஹெட்லைற்றைப் போட்டுப் பாருங்கள். லைற் மங்கி அணைந்து, ஸ்ரார்ட்டர் 'டிக்' என்று மட்டும் சொன்னால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது பற்றரி முனைகள் தொடுகையில் இல்லை. கடலுப்புக் காற்று எங்களுக்கு எப்போதும் உள்ள எதிரி. பண்ணைப் பாலம் தாண்டித் தீவகம் போய்வரும் கார்களில் பற்றரி முனையும், காரின் பொடியோடு (உலோக உடலோடு) பூட்டிய ஏர்த் பட்டியும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். முனையைக் கழற்றிச் சுரண்டி இறுக்கிப் பூட்டினாலே பல கார்கள் பிடித்துவிடும்.

லைற் பிரகாசமாக இருந்தும் ஸ்ரார்ட்டர் அசையாவிட்டால், ஸ்ரார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிச்சான சொலனோயிட்டையும் அதன் வயர்களையும் பாருங்கள். பழைய ஆங்கிலக் கார்களில் கை ஹாண்டில் போட்டு எஞ்சினைச் சுற்ற முடியும். பெருவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல் முறியாது.

பழைய பிரித்தானியக் கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் அறுபதுகள் வரை பற்றரியின் நேர் முனைதான் ஏர்த். பிறகு சிலவற்றை மாற்றிக் கட்டியிருப்பார்கள். வேறு காரிலிருந்து கரண்ட் எடுக்கும் முன் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். இரண்டு காரின் பொடிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

எஞ்சின் வழக்கத்தை விட வேகமாக, தடையே இல்லாமல் சுற்றினால் திறப்பிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். நிசான் சனி பீ11 போன்ற கார்களின் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் ரைமிங் பெல்ற் உண்டு. அது அறுந்தால் இப்படித்தான் சுற்றும். கொயிலின் கரண்டைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். அதற்குள் சுழல வேண்டிய ரோட்டர் திரும்பவில்லை என்றால் வீதியோரத்தில் செய்ய எதுவும் இல்லை.

ஒழுங்காகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் கேள்வி இரண்டுதான். ஸ்பார்க் இருக்கிறதா? பெற்றோல் வருகிறதா? ஸ்பார்க்கை முதலில் பாருங்கள், ஏனென்றால் பெற்றோல் குழாயைக் கழற்றிய இடத்தில் ஸ்பார்க் சோதிப்பது தீயை விலைகொடுத்து வாங்குவது.

ஸ்பார்க்

ஒரு மேலதிக பிளக்கைக் காரில் எப்போதும் வைத்திருங்கள். ஏதாவது ஒரு பிளக் வயரைக் கழற்றி அதில் பூட்டி, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினின் வெறும் இரும்பில் நன்றாகப் படும்படி வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் ஸ்ரார்ட்டரைச் சுற்றும்போது நீலமாக, சடசடவென்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக, விட்டுவிட்டு வந்தால் அது போதாது. அழுத்தத்துக்குள் அந்த ஸ்பார்க் நிற்காது.

ஒன்றும் இல்லையா? இப்போது கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டரின் நடுவுக்கு வரும் தடித்த வயரை டிஸ்ரிபியூட்டர் பக்கம் கழற்றி அதே பிளக்கில் பூட்டிச் சோதியுங்கள். இங்கே ஸ்பார்க் வந்து பிளக் வயரில் வராவிட்டால் பிழை மூடியிலோ ரோட்டரிலோ. மூடியின் உள்ளே மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கிறதா, நடுவில் உள்ள கரித்துண்டு இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். மாரி மழைக்கு வெள்ளம் நிற்கும் ஒழுங்கையால் வந்து நின்ற காரென்றால் மூடியை உள்ளும் புறமும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். நெருப்பில் காய்ச்ச வேண்டாம்.

ரோட்டர் கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தும் கெட்டிருக்கலாம். அதன் உலோகத் தகட்டிலிருந்து கீழே உள்ள தண்டுக்குக் கரண்ட் ஊடுருவிப் பாய்ந்தால் பிளக்குக்கு எதுவும் போகாது. சூட்டில் மட்டும் இப்படிச் செய்யும் ரோட்டர்கள் உண்டு. சோதிக்க ஆகச் சுலபமான வழி இன்னொரு ரோட்டரைப் போட்டுப் பார்ப்பது. மலிவான பொருள், டாஷ் பெட்டிக்குள் ஒன்று கிடக்கட்டும்.

கொயிலிலிருந்தே ஸ்பார்க் வராவிட்டால்தான் சோதனைக் குமிழ் வேண்டும். பன்னிரண்டு வோல்ற் சிறு பல்ப், இரண்டு வயர், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஐம்பது கருவியை விட இந்த ஒன்று பெறுமதி என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு வயரில் ஒன்றை எஞ்சின் இரும்பில் பிடியுங்கள். திறப்பைப் போட்டுவிட்டு மற்றதை, கொயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் வையுங்கள். பழைய பிரித்தானியக் கார்களின் லூகாஸ் கம்பனிக் கொயில்களில் அந்த முனையில் எஸ்.டபிள்யூ (SW) என்று பொறித்திருக்கும்; வெள்ளை வயர் வரும். பல்ப் எரியாவிட்டால் கரண்ட் கொயிலுக்கே வரவில்லை. ஜப்பான் கார் என்றால் முதலில் பியூஸ், பிறகு திறப்புச் சுவிச், வயர் இணைப்புகள். ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் தற்காலிகமாக, ஏர்த் அல்லாத பற்றரி முனையிலிருந்து ஒரு வயரை நேரே அந்த முனைக்குக் கொடுத்து வீடு போய்ச் சேரலாம். ஆனால் திறப்பால் அணைக்க முடியாது, வயரைக் கழற்றித்தான் நிறுத்த வேண்டும்.

எரிந்தால் பல்பைக் கொயிலின் மறு முனைக்கு மாற்றுங்கள். சி.பி (CB) என்று பொறித்திருக்கும். டிஸ்ரிபியூட்டருக்கு வயர் போகும் முனை அது. எஞ்சினைச் சுற்றும்போது பல்ப் அணைந்து அணைந்து எரிந்தால், டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் கொயிலின் கரண்டை வெட்டும் பொயின்ற் வேலை செய்கிறது. அப்படியும் ஸ்பார்க் இல்லையென்றால் சந்தேகம் கொயிலிலும், பொயின்ற்றில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரிலும் விழும். பல்ப் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பொயின்ற் மூடவில்லை, அல்லது அழுக்கு, அல்லது உள்ளே வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் பொயின்ற் திறக்கவில்லை, அல்லது கண்டென்சரோ வயரோ ஏர்த்தில் படுகிறது. கொயிலின் உள்ளே அறுந்திருந்தாலும் எரியாது. டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றியும் பல்ப் எரியாவிட்டால் அது கொயில்தான்.

சுழலும் தண்டில் உரசும் பொயின்ற்றின் நார்க் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். லூகாஸ் டிஸ்ரிபியூட்டர்களில் நன்றாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். முகம் கருகியிருந்தால் மெல்லிய எமரித் தாளால் மெதுவாகத் தேய்த்து, பெற்றோல் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளே தகடு அசைந்து அசைந்து, பொயின்ற்றுக்கு வரும் சிறிய வயர் உறைக்குள்ளேயே அறுவதும் உண்டு. வெளியே முழுசாகத் தெரியும். விரலால் மெதுவாக இழுத்தால் உறை நீளும்.

சூட்டில் நின்று ஆறியதும் பிடிக்கும் கார்களில் நான் முதலில் சந்தேகிப்பது கண்டென்சரை. பொயின்ற் திறக்கும்போது அதில் பெரிய பொறி பறந்து, பிளக்கில் மஞ்சளாக வந்தால் அது கண்டென்சர்தான். அடுத்தது கொயில். ஈரத்துணி சுற்றி ஆற்றியதும் ஸ்பார்க் திரும்பி வந்தால் குற்றவாளி பிடிபட்டுவிட்டான்.

எண்பதுகளின் ஜப்பான் கார்கள் பலவற்றில் பொயின்ற்றுக்குப் பதிலாக எலக்ரோனிக் இக்னைற்றர் இருக்கும். அதுவும் சூட்டில் இதேபோல் படுக்கும். அந்தக் கார்களில் தடித்த வயரைக் கழற்றிக் காற்றில் தொங்கவிட்டு எஞ்சினைச் சுற்றாதீர்கள், இக்னைற்றர் எரிந்துவிடும். இன்னொன்று: ஸ்ரார்ட்டர் சுற்றும்போது பிடித்து, திறப்பை விட்டதும் அந்தக் கணமே அணைகிறதென்றால் கொயிலுக்கு முன்னால் இருந்து கரண்டைக் குறைக்கும் பலாஸ்ற் ரெசிஸ்ரர் அறுந்திருக்கலாம். சோதனைக் குமிழ் அதையும் காட்டும்.

பெற்றோல்

ஸ்பார்க் நன்றாக இருந்தால் இங்கே வாருங்கள். பெற்றோல் மானியை நம்ப வேண்டாம். மூடியைக் கழற்றுங்கள், காரை ஆட்டிச் சத்தம் கேளுங்கள். மூடியைக் கழற்றும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்ததா? மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. சில கிலோமீற்றர் ஓடி நிற்பதும், ஆறவிட்டால் திரும்ப ஓடுவதும் இதனாலும் நடக்கும். சோளகக் காலத்துப் புழுதி இந்தத் துளையை அடைக்கக் கெட்டிக்காரன். மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓடிப் பார்த்தால் உறுதியாகும்.

ஜப்பான் கார்களிலும் செனித் காபரேற்றர் உள்ள ஒஸ்ரின்களிலும் காற்று வடியைக் கழற்றி, காபரேற்றர் வாயைப் பார்த்துக்கொண்டு அக்சிலேற்றரைக் கையால் இழுத்தால் பெற்றோல் பீச்சியடிக்க வேண்டும். எஸ்.யூ. காபரேற்றரில் அப்படிப் பீச்சும் அமைப்பு இல்லை. மொறிஸ் மைனர்காரர் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குழாயைக் கழற்றியே பாருங்கள்.

எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் காபரேற்றருக்கு வரும் குழாயை அதன் பக்கம் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விடுங்கள். ஸ்பார்க் எங்கும் பாயாதபடி கொயிலுக்குக் கரண்ட் வரும் வயரைக் கழற்றி, அதன் முனையைத் துணியால் சுற்றிவிடுங்கள். பக்கத்தில் ஒருவரும் புகைக்கக்கூடாது. எஞ்சினைச் சுற்றும்போது துடித்துத் துடித்துப் பலமாக வர வேண்டும். போத்தலைக் கொஞ்சநேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவாகப் பிரிந்து நிற்பது தண்ணீர். செம்மண் நிறத் துகள் என்றால் தாங்கி உள்ளே துருப்பிடித்திருக்கிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தைப் போல வெறுந்தாங்கியோடு மாதக்கணக்கில் நிற்கும் கார்களில் இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். ஒரு துளியைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். பெற்றோல் சுவடில்லாமல் காய்ந்துவிடும். எண்ணெய்க் கறை தங்கினால் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது.

மைனரில் எஸ்.யூ. மின்பம்ப் இருக்கும். திறப்பைப் போட்டதும் 'டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது இழுக்கும் பக்கத்தில் எங்கோ காற்றுப் புகுகிறது. சத்தமே இல்லாவிட்டால் ஸ்குறூ ட்ரைவரின் பிடியால் பம்பை மெதுவாகத் தட்டுங்கள். அநேகமாக உயிர்க்கும். வீடு போகலாம், ஆனால் உள்ளே தொடுமுனைகள் கருகிவிட்டன, கழற்றிச் சுத்தம் செய்யும்வரை அது திரும்பவும் நிற்கும். எஞ்சினில் பூட்டிய இயந்திர பம்ப் என்றால் உள்ளே உள்ள றப்பர்த் தகடு கிழிந்திருக்கலாம். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணத்தால் எஞ்சின் எண்ணெய்க்குள் பெற்றோல் இறங்குகிறது, ஓட்டக்கூடாது.

கோடை மதியத்தில், அல்லது நல்லூர்த் திருவிழா நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்து நின்ற காரில் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்திருக்கலாம். பம்பிலும் குழாயிலும் ஈரத்துணி போட்டுச் சில நிமிடத்தில் பிடித்தால் அதுதான். குழாய் எக்சோஸ்ற்றுக்கு அருகால் போகிறதா, வெப்பத்தடுப்புத் தகடு கழன்று போயிருக்கிறதா என்று பிறகு பாருங்கள்.

இன்னொரு சோதனை யாழ்ப்பாணத்தாருக்குப் பழக்கமானது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, இந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதனால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுப் பிடிக்கவைத்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெற்றோலின் பெறுமதி துளிக்கணக்கில் தெரிந்த காலம் அது. அதே முறை இன்று பிழை கண்டுபிடிக்க உதவும்: போத்தல் மூடியில் பாதியளவு பெற்றோலைக் காபரேற்றர் வாய்க்குள் விட்டு, போத்தலைத் தூரத்தில் வைத்துவிட்டு, காற்று வடியைத் திரும்பப் பூட்டி ஸ்ரார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி அணைந்தால் ஸ்பார்க் நல்லது, பெற்றோல்தான் வரவில்லை. முகத்தைக் காபரேற்றருக்கு மேலே வைக்காதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சவே கூடாது. நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

இரண்டும் இருந்தும் பிடிக்காவிட்டால்

ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். பெற்றோலில் நனைந்திருந்தால் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. சோக் பிடியை முழுதாக உள்ளே தள்ளி (காற்று வழி திறக்கும்), அக்சிலேற்றரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி சுற்றுங்கள். விட்டுவிட்டு மிதிக்க வேண்டாம். காபரேற்றருக்குள் பெற்றோல் நிரம்பியதும் வழியை மூடும் மிதவை ஊசியில் அழுக்குச் சிக்கினாலும் இப்படி வழியும். மிதவை அறையை வெளியே மெதுவாகத் தட்டினால் சிலவேளை விலகும். டிஸ்ரிபியூட்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து அது சுற்றினால் ரைமிங் போய்விட்டது. இதற்கு மேல் அழுத்தம், வால்வு, ரைமிங் செயின் என்று போகும். அதை கராஜுக்கு விடுங்கள்.

இன்ஜெக்சன் கார்கள்

தொண்ணூறுகளின் கார்களில் திறப்பைப் போட்டதும் பின்பக்கம் பம்ப் இரண்டு விநாடி முனகுவது பல கார்களில் கேட்கும். வழக்கமாகக் கேட்கும் சத்தம் கேட்காவிட்டால் பியூஸ், ரிலே, பம்ப் என்ற ஒழுங்கில் பாருங்கள். அந்தக் காலத்து ஹொண்டாக்களில் மெயின் ரிலேயின் உள்ளே ஈயப்பற்று வெடித்து, வெயிலில் நின்ற கார் பிடிக்காமல் போவது பேர்போன பிழை. சத்தம் கேட்டும் ஸ்பார்க் இல்லையென்றால் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைற்றர், கிராங் சென்சர். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைற் எரிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். காரின் கணினி சேமித்த பிழை இலக்கத்தைக் கராஜில் வாசிக்கும்வரை பற்றரியைக் கழற்றக்கூடாது, கழற்றினால் அழிந்துவிடும்.

காரில் வைத்திருக்க வேண்டியவை

சோதனைக் குமிழ், மேலதிக பிளக், பிளக் சாவி, பொயின்ற், கண்டென்சர், ரோட்டர், இடைவெளி பார்க்கும் பீலர் கேஜ், எமரித் தாள், சில முழம் வயர், பியூஸ்கள், விசிறி பெல்ற், குறடு, ரோச், பழந்துணி, தண்ணீர்ப் போத்தல். இவ்வளவும் ஒரு பையில் அடங்கும். புதிதாக வாங்கும் கண்டென்சரையும் பொயின்ற்றையும் பெட்டியோடு வைக்காமல் ஒருமுறை பூட்டி ஓட்டிப் பார்த்து, பிறகு கழற்றி வையுங்கள். புதியது எல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது, அதை வழியில் கண்டுபிடிக்கக் கூடாது.

ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் ஸ்ரார்ட் செய்து பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிக் கார் பிடித்துவிட்டால் எது பிழையென்று உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. அவரிடம் போகும்போது 'கொயில் போட்டுது' என்று முடிவைச் சொல்லாமல், கண்டதைச் சொல்லுங்கள்: "அண்ணை, கைதடி தாண்டி அறுந்த மாதிரி நிண்டது. சூட்டில கொயில் வயரில ஸ்பார்க் இல்லை, சி.பி முனையில பல்ப் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சது. இருபது நிமிசத்தால தானாப் பிடிச்சிட்டுது." இதைக் கேட்ட மெக்கானிக் பிளக்கில் கை வைக்க மாட்டார். எஞ்சினைச் சூடேற்றிக் கொயிலையும் கண்டென்சரையும்தான் பார்ப்பார்.